உடம்பு சொல்லும் சேதி



இந்த நேரத்தில் உங்களில் சிலர் வேலைக்காட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பீர்கள். சிலர் அடுப்படியில் நின்றபடியே கேட்டுக் கொண்டிருப்பீர்கள். கையில் உள்ள வேலையை நிறுத்த வேண்டாம். காது கொடுத்தால் போதும்.

நான் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். மருத்துவம் படித்தவள் அல்லள். பயிற்சிக் கல்லூரியில் சுகாதாரக் கல்வி என்று ஒரு பாடம் இருந்தது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தேன், எழுதினேன், தேறினேன். அந்தப் பாடம் எனக்கு உண்மையாகவே விளங்கியது பல ஆண்டுகள் கழித்து, என் வகுப்பில் படித்த ஒரு பையனால். அந்தச் சங்கதியைச் சொன்னால் தலைகுனிவு எனக்குத்தான். ஆனாலும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவன் மூன்றாம் ஆண்டு மாணவன். துறுதுறுப்பானவன். ஆண்டின் நடுவில் அவன் போக்கு மாறியது. பாடம் தொடங்கி அரை மணி ஆகியிருக்காது, "டீச்சர், வெளியே போகணும்" என்று எழுந்து நிற்பான். போய்விட்டுக் குழாயடியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து வருவான். மறுபடியும் அரை மணியில் கையைத் தூக்குவான். கணக்குப் பாடத்துக்குப் பயந்து சாக்குச் சொல்கிறான் என்று நானே முடிவு கட்டிக் கொண்டேன். ஒரு நாள், "பேசாம உட்காருடா, மணி அடிக்கட்டும்" என்று அதட்டினேன். உட்கார்ந்தான். மணி அடிப்பதற்குள் அவன் காற்சட்டை நனைந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

மறுநாள் அவன் தாயார் வந்தார். சண்டைக்கு வரவில்லை. "டீச்சர், ராத்திரியில படுக்கையிலயும் போயிடறான். சோறு முன்னைவிட நல்லாத்தான் சாப்பிடறான். ஆனா சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சுங்க" என்றார். வீட்டில் பாட்டி கண்ணேறு என்று சொல்லித் திருநீறு மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார். பையன் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் கண்டவரும் அந்தப் பாட்டிதான். அதற்கு அவர்கள் செய்தது, கடையில் எறும்பு மருந்து வாங்கித் தூவியது. பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எறும்பையாவது பார்த்தார். பயிற்சி பெற்ற ஆசிரியையான நான் எதையுமே பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவன் வகுப்பிலேயே வாந்தி எடுத்தான். ஓடிவந்தவனைப் போல மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கியது. வாயருகில் குனிந்தபோது கனிந்து அழுகிய பழத்தின் வாடை வீசியது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து திறந்து மூடினான். தலைமையாசிரியரின் காரில் போட்டுக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் பறந்தோம். சாப்பிடாத வயிற்றில் 6க்குள் இருக்க வேண்டிய இரத்தச் சீனி அவனுக்கு 30ஐத் தாண்டியிருந்தது.

நாம் இனிப்புநீர் என்று சொல்கிறோமே, அதில் குழந்தைகளுக்கு வருகின்ற வகை அது. நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் வயிற்றில் கரைந்து சீனியாகி இரத்தத்தில் சேர்கின்றன. அந்தச் சீனி தசைக்குள் போக இன்சுலின் என்ற சுரப்பு திறவுகோலாக வேண்டும். இந்த வகை நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதன்று. தாயின் வளர்ப்பில் உள்ள குற்றமும் அன்று. திறவுகோல் இல்லாததால் சீனி இரத்தத்திலேயே தேங்குகிறது. மிஞ்சிய சீனியைச் சிறுநீரகம் வெளியே தள்ளும்போது கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் ஓயாத சிறுநீர்; சிறுநீர் போகப் போகத் தாகம். இரத்தத்தில் சீனி குவிந்து கிடந்தும் தசைகள் பட்டினி. ஆகவே எவ்வளவு உண்டாலும் மெலிவு. கடைசியில் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்க, அதில் பிறக்கும் அமிலம் மூச்சில் பழவாடையாக வருகிறது. பல வாரங்களாக அவன் உடம்பு இத்தனை வகையாகக் கூவிக்கொண்டிருந்தது. நான் மணி அடிக்கக் காத்திருக்கச் சொன்னேன்.

பையன் பிழைத்துக்கொண்டான். 1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஊசி முதன்முதலாகப் போடப்பட்டது. அதற்கு முன்னே பிறந்திருந்தால் என் மாணவன் தப்பியிருக்க மாட்டான். இன்று அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறான். என் வகுப்பில் இருந்தவரை அவனுக்காக என் மேசை இழுப்பறையில் சீனிப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தேன். ஊசி போடுகிறவர்களுக்குச் சில வேளைகளில் சீனி மிகவும் இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் — இவை அதன் அடையாளங்கள். அந்த நேரத்தில் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அன்று சிரித்த பிள்ளைகள்தான் பிறகு, "டீச்சர், இவனுக்கு வேர்க்குது" என்று எனக்கு முன்பே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஓர் எண்ணம் என்னை விடவில்லை. பிள்ளையின் உடம்பு சொன்னது எனக்குக் கேட்கவில்லை. சரி, என் உடம்பு சொல்வதாவது எனக்குக் கேட்கிறதா? அப்போதுதான் நாங்கள் வளர்ந்த வளர்ப்பே என் கண்முன் வந்தது.

என் தாயார் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, இருட்டு விலகுவதற்குள் நிரையில் நிற்க வேண்டும். குளிர்ச்சியான நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் வற்றிவிடும். ஆகவே பசி எட்டு மணிக்கு வந்தாலும், மரம் முழுவதும் சீவி முடித்தபிறகு, பத்து மணிவாக்கில்தான் போத்தல் கோப்பியும் கட்டி வந்த உணவும். அதை அவசர அவசரமாக விழுங்கிவிட்டுப் பால் எடுக்க வாளியைத் தூக்க வேண்டும். பசித்தாலும் பொறு, பசிக்காவிட்டாலும் கிடைத்த நேரத்தில் தின்றுகொள் என்பதுதான் சட்டம். ஒரு தலைமுறை முழுவதும் வயிற்றைக் கேட்டு உண்ணாமல் மணியைக் கேட்டு உண்டது. அந்த உழைப்புக்கு அந்தச் சோறு தகும். அன்று காண்டாவில் பால் வாளி சுமந்தவர்களுக்குத் தட்டு நிறையச் சோறு வேண்டியிருந்தது.

இன்று ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. குலை வெட்டுகிறவரின் உழைப்பு கடுமையானதுதான். அவர் வயிறார உண்ணட்டும். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் தொழிற்சாலையில் நின்ற இடத்திலேயே வேலை செய்கிறார்கள். சிலர் இரவுக் காவலுக்குப் போகிறார்கள். என்னைப் போன்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். உழைப்பு மாறிவிட்டது, அம்மா காலத்துச் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

நம் மலேசியத் தமிழில் ஓர் அருமையான சொல் இருக்கிறது. காலையில் ஒருவரைப் பார்த்தால், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறோம். ஆறுதல் என்றால் தணிதல். சூடான தேத்தண்ணி ஆறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறதல்லவா? பசியும் அப்படித்தான். வயிறு காலியாகும்போது கிரெலின் என்ற சுரப்பு மூளைக்குப் பசி என்று சேதி அனுப்புகிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதை 1999இல் கண்டறிந்தார்கள். நாம் வழக்கமாக உண்ணும் நேரம் நெருங்கினாலே இது சுரந்துவிடும். பத்து மணிக்கே உண்டு பழகியவருக்குப் பத்து மணிக்கு வயிறு கூப்பிடுவது இதனால்தான். உண்ணத் தொடங்கியபின், வயிறு விரிவதும் குடலில் உணவு இறங்குவதும் நரம்பு வழியாகவும் வேறு சுரப்புகள் வழியாகவும் மூளைக்குப் போய்ப் "போதும்" என்று சொல்ல ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். நாமோ ஏழு நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் பசி ஆறவில்லையே என்று மறுசோறு போட்டுக்கொள்கிறோம். போதும் என்ற சேதி வந்து சேரும்போது வயிறு புடைத்துக் கிடக்கிறது.

ஆகவே நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் பாதிச் சோறு போட்டுக்கொள்வது. காய்கறியையும் மீனையும் முதலில் உண்பது. தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அந்த நேரத்துக்கு மூடி வைப்பது. தட்டு காலியானதும் உடனே கரண்டியைத் தொடாமல், பிள்ளைகளோடு பேசிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது. பிறகும் பசித்தால் தாராளமாகப் போட்டுக்கொள்வது. பெரும்பாலான நாட்களில் எனக்கு மறுசோறு தேவைப்படவில்லை. இதில் புதுமை எதுவும் இல்லை. திருக்குறளில் "மருந்து" என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, நன்றாகப் பசித்தபின் உண்ண வேண்டும் என்றுதான் வள்ளுவர் அதில் சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். சோற்றுத் தட்டின் முன் மறந்துவிடுகிறோம்.

தட்டில் எவ்வளவு, என்ன என்று கேட்பவர்களுக்கு நமது சுகாதார அமைச்சு எளிய கணக்குச் சொல்லியிருக்கிறது. 'சுக்கு சுக்கு செபாரோ' என்று மலாய் மொழியில் கேட்டிருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் பசலையும் சும்மா வளர்கின்றன. பாதித் தட்டுக்குப் பணம் தேட வேண்டியதில்லை.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். "தட்டுல மிச்சம் வைக்காதே, அரிசி என்ன சும்மாவா வருது?" என்று என் தாயார் அதட்டுவார். அன்று அரிசி கடையில் கடனுக்கு வந்தது. சம்பள நாளில் கணக்குத் தீர்க்க வேண்டும். அந்த அதட்டலில் நியாயம் இருந்தது. அதே அதட்டலை இன்று நாம் நம் பிள்ளைகளிடம் போடுகிறோம். சிறு குழந்தை வயிறு நிறைந்தால் தானாகவே வாயை மூடிக்கொள்ளும், முகத்தைத் திருப்பும். உடம்பின் பேச்சு அதற்குத் தெளிவாகக் கேட்கிறது. "அம்மாவுக்கு ஒரு வாய், பாட்டிக்கு ஒரு வாய்" என்று திணித்துத் திணித்து அந்தக் காதை நாமே அடைத்துவிடுகிறோம். வீணாகக் கூடாது என்றால் குறைவாகப் போடுங்கள். கேட்டால் மறுபடி போடுங்கள்.

இனி, பசி போல வேடம் போட்டு வருபவற்றைப் பற்றி. என் தந்தையார் காலமான ஆண்டில், இரவில் புத்தகம் திருத்திக்கொண்டே முறுக்கு டின் முழுவதையும் காலி செய்வேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அது துக்கம் என்று எனக்கு நாளாகித்தான் தெரிந்தது. உண்மையான பசி மெல்ல மெல்ல வரும். சுடுசோறும் கீரையும் கிடைத்தால்கூடப் போதும் என்று சொல்லும். வாய்க்கு வரும் ஆசை திடீரென்று வரும். இன்னதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும். நள்ளிரவு வரை படம் பார்த்துவிட்டு விடியலில் வேலைக்கு எழுந்தவருக்கு அன்று முழுவதும் இனிப்பின்மேல் நாட்டம் போவதைக் கவனித்துப் பாருங்கள்.

தாகமும் சில நேரம் பசியைப் போலத் தோன்றும். களைப்பாக இருக்கிறது என்று பன்னைக் கடிப்பதற்கு முன் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாகம் தெரிவதற்குள் உடம்பு ஓரளவு நீரை இழந்திருக்கும். சிறுநீரின் நிறமே நல்ல அளவுகோல். வெளிறிய மஞ்சள் என்றால் சரி. கட்டித் தேத்தண்ணி நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்கு வந்துவிட வேண்டும். வெயிலில் நின்றவர் தொட்டால் கொதிக்கக் கொதிக்க இருந்து, உளறவும் தொடங்கினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இங்கே பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காட்டில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். என் தாயாரும் அப்படித்தான். நீரை அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தாரையில் எரிச்சலும் காய்ச்சலும் வரும். குடிக்காமல் இருப்பது இதற்குத் தீர்வாகாது. வேலையிடத்தில் மறைவான வசதி கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நாலு பெண்கள் சேர்ந்து மண்டோரிடம் கேளுங்கள்.

தண்ணீர் என்று நான் சொல்வது வெறும் தண்ணீரை. கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி தாகத்துக்கு ஆகாது. டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு நாளைக்கு நான்கு தடவை தேத்தண்ணி குடிக்கும் வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரியே விதித்திருக்கிறார்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நேரம் உடம்பு பேசும், கேளுங்கள் என்றேன். இப்போது அதற்கு மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். உடம்பு பேசாமல் இருக்கும் இடங்களும் உண்டு.

ஒரு நாள் மாலை என் தாயார் கடையிலிருந்து திரும்பி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. "இன்னொண்ணு எங்கேம்மா?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "அட, எங்க கழண்டுச்சுன்னே தெரியலயே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் அன்று. பல ஆண்டுகளாக இரத்தத்தில் சீனி கூடியிருந்து, பாதத்து நரம்புகள் மரத்துப் போயிருந்தன. அடுத்த மாதம் உள்ளங்காலில் ஏறிய ஆணி அவருக்கு வலிக்கவே இல்லை. புண் பெரிதாகி, நாற்றம் வந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வலி என்பது உடம்பின் காவல்காரன். அவருக்கு அந்தக் காவல்காரனே இல்லாமல் போய்விட்டான். அதுவரை, "எனக்கு ஒண்ணும் செய்யல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக் கிளினிக்குக்குப் போக மறுத்தவர் அவர்.

பெரியவர்களுக்கு வரும் இனிப்புநீர் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் மௌனமாக இருக்கும். இரத்தக் கொதிப்பும் அப்படியே. தலை சுற்றினால்தான் கொதிப்பு என்று எண்ணுவது தவறு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் கணக்கெடுத்தால் 100க்கு 31 பேர். நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். உங்கள் லயத்து வரிசையை மனத்தில் ஓட்டிப் பாருங்கள்.

எனவே 30 வயதைத் தாண்டியவர்கள், உடம்பு ஒன்றும் சொல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறை இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பக் காலத்தில் சீனி கூடியிருந்த தாய்மார்கள் கட்டாயம் போக வேண்டும். ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் இரவில் படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். என் தாயாருக்கு என் மகள்தான் பார்க்கிறாள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். இரத்தச் சோதனைக்கு முதல் நாள் இரவு உண்டபின் எட்டு மணி நேரம் வேறெதுவும் உண்ணக் கூடாது. பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலையில் பழக்க தோஷத்தில் தேத்தண்ணி கலக்கிவிடாதீர்கள்; கலக்கினால் சோதனை இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போகும். ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், அன்று காலை அதை என்ன செய்வது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் நேரம் ஆகும். ஆகவே இரண்டு இட்லியோ அவித்த மரவள்ளிக்கிழங்கோ கட்டி எடுத்துச் செல்லுங்கள்; இரத்தம் எடுத்து முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து நிதானமாகப் பசியாறலாம்.